ஈரத் துணியும் ஒரு விண்ணப்பமும்

மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. ராஜபாளையம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் வண்டி கிளம்புவேனா என்று நிற்கிறது. பக்கத்து இருக்கையில் இருக்கும் பெண்ணின் சேலையெல்லாம் பஞ்சுத் துகள். மகளின் பள்ளி விண்ணப்பத்தை மடியில் வைத்து நிரப்புகிறார். 'வீட்டில் பேசும் மொழி' என்ற இடத்தில் தெலுங்கு என்று எழுதும்போது கைபேசி அடிக்கிறது.

"நோ சார். ஹெவி ரெய்ன். கிளாத் வெட். வெட் கிளாத், ஐ நாட் சென்ட். ஃப்ரைடே ஒன்லி."

எதிர்முனையில் கத்துவது எனக்கே கேட்கிறது. இவர் குரல் உயரவே இல்லை.

"ஹாஸ்பிட்டல் கிளாத் சார். பேஷன்ட் பாவம்."

வைத்துவிட்டு என்னிடம் திரும்புகிறார். "வெளிநாட்டுப் பார்ட்டி, அக்கா. நம்ம கம்பெனிலதான் பாண்டேஜ் துணி எடுக்காரு. சரக்கு அனுப்புதது நான்தான். ஈரத்தோட கட்டி அனுப்புனா பூஞ்சை பிடிச்சிரும்லா?"

படிவத்தில் அடுத்த கேள்வி: பெற்றோருக்கு ஆங்கிலம் தெரியுமா? யோசிக்காமல் 'இல்லை' என்பதில் டிக் அடிக்கிறார்.

"அப்ப இவ்வளவு நேரம் பேசுனது என்னங்க?"

"அது வேலைக்குப் பேசுதது, அக்கா. இங்கிலீஷுன்னா டீச்சரம்மா பேசுதாகள்லா, அதுதான்."

எனக்கு அந்தப் படிவத்தின் மேல்தான் எரிச்சல் வருகிறது. நான் ஆங்கில இலக்கியத்தில் பட்டம் வாங்கியவள். இருபது வருடமாக அலுவலகத்தில் அந்த மொழியில்தான் "எஸ் சார்" சொல்லிக்கொண்டிருக்கிறேன். "நோ சார்" மட்டும் இன்றுவரை வாயில் வந்ததில்லை.