குதிகால் பட்ட இடம்

பட்டறையில் அவரை எல்லோரும் எக்ஸ்ரே என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே அல்ல, முதுகுக்குப் பின்னால். அவருக்கும் அது தெரியும். முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்ப்பதையே முழுநேர வேலையாக வைத்திருந்த மனிதருக்குத் தெரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

விதை போடும் இயந்திரங்கள் செய்கிற பட்டறை அது. தகரக் கூரை, எண்ணெய் குடித்துக் கறுத்த தரை, ஒரு மூலையில் வெல்டிங், இன்னொரு மூலையில் பெயின்ட். முதலாளி அவர்தான், ஆனால் முதலாளி நாற்காலியில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. எவன் எந்த போல்ட்டை இறுக்கினாலும் பின்னாலேயே போய், அதே ஸ்பேனரை வாங்கி, இன்னொரு தடவை இறுக்குவார். இறுக்கிய போல்ட்டின் தலையில் தீக்குச்சியால் சிவப்பு பெயின்ட் தொட்டு ஒரு பொட்டு வைப்பார். பொட்டு இல்லாத இயந்திரம் வாசலைத் தாண்டாது. வாடிக்கையாளர்களுக்கு அது பிடித்திருந்தது. வேலை செய்கிறவர்களுக்குத்தான் எரிச்சல்.

வீட்டிலும் அதே கதைதான். கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் படுப்பார். படுத்த சூட்டோடு எழுந்து போய் இழுத்துப் பார்ப்பார்.

"தாழ்ப்பாள் போட்டதே நீங்கதானே?" என்பார் மனைவி.

"அதான் பாக்கிறேன்" என்பார் அவர்.

ஷூ தைப்பவர் மட்டமான தோலை வைத்து ஏமாற்றிவிடுவார் என்று, புது ஷூ வாங்கிய அன்றே குதிகால் இரண்டிலும் பிறை வடிவில் இரும்பு லாடத்தைத் தன் கையாலேயே வைத்து ஆணி அடித்துக்கொள்வது அவர் வழக்கம். இதில் லாபம் பட்டறைக்காரர்களுக்கு. டக் டக் என்று சத்தம் கேட்டதும் அரட்டையை நிறுத்திவிட்டு ஆளுக்கொரு சுத்தியலை எடுத்துக்கொள்வார்கள். ஊரையெல்லாம் வேவு பார்க்க ஆசைப்பட்டவர், தன் காலிலேயே மணியைக் கட்டிக்கொண்டு திரிந்தார். அது அவருக்கு உறைக்கவே இல்லை.

அப்படிப்பட்டவருக்கு மச்சினனாக வாய்த்தவன் வாஷர். மனைவியின் தம்பி. ஆட்டம் காணும் எதைக் கொடுத்தாலும், சட்டைப் பையிலிருந்து ஒரு வாஷரை எடுத்துக் கோத்து ஆட்டத்தை நிறுத்திவிடுவான் என்பதால் அந்தப் பெயர். அக்கா வீட்டு மாடி அறையில் தங்கி, அக்கா கையால் சாப்பிட்டு, மாமாவின் பட்டறையில் வேலை பார்த்தான். வாய் கொஞ்சம் குறைச்சல், கை கொஞ்சம் அதிகம். இந்த மாதிரி ஆளைப் பார்த்தால் எக்ஸ்ரேக்குச் சும்மாவே சந்தேகம் வரும். பேசாமல் இருப்பவன் எதையோ மறைக்கிறான் என்பது அவர் கணக்கு.

வம்பு ஒரு சக்கரத்தில் ஆரம்பித்தது. அவர்களுடைய இயந்திரம் முன்னால் கொழுவால் மண்ணைக் கீறும். குழாய் வழியாக விதை ஒவ்வொன்றாக அந்தக் கீறலில் விழும். பின்னால் ஓர் அகலமான இரும்புச் சக்கரம் உருண்டு வந்து கீறலை மூடி, மேலிருந்து அழுத்தும். அந்தச் சக்கரத்தை வடிவமைத்தவர் எக்ஸ்ரேயேதான். நன்றாக அழுத்தினால்தான் விதை மண்ணைப் பிடிக்கும் என்பதில் அவருக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் களிமண் நிலத்துக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்கள். அவர்களில் பெரிய கை ஒரு நிலத்துக்கார அம்மா. டிராக்டரைத் தானே ஓட்டுவார், யாரிடமும் சுற்றி வளைத்துப் பேச மாட்டார்.

"உங்க மெஷினு விதை போடல முதலாளி, தளம் போடுது" என்றார் அவர். "ஒரு தூறல் விழுந்து வெயில் அடிச்சா மண்ணு ஓடு மாதிரி ஆயிடுது. முளை எப்படி வெளிய வரும்? இந்தத் தடவை சரிபண்ணிக் குடுங்க. இல்லேன்னா எதிர்த்தெருப் பட்டறைக்கு நான் போயிடுவேன்."

வாஷர் அன்றே அந்த இரும்புச் சக்கரத்தைக் கழற்றினான். அதற்குப் பதிலாக ரப்பர் விளிம்பு வைத்த இரண்டு சின்னச் சக்கரங்களை, கீழே நெருங்கியும் மேலே விலகியும் இருக்கும்படி சாய்த்துப் பொருத்தினான். அவை கீறலின் இரண்டு பக்கமும் உருண்டு, மண்ணைப் பக்கவாட்டில் நெருக்கி விதையைப் பிடித்துக்கொள்ளும். விதையின் தலைக்கு மேல் மட்டும் மண் பொலபொலவென்று கிடக்கும்.

"இது என்னடா, மூடியும் மூடாம?" என்றார் எக்ஸ்ரே. "மேல இவ்ளோ லூசா இருந்தா விதை காஞ்சு போயிடாது?"

"காயாது மாமா. ரெண்டு பக்கமும் இறுக்கமாத்தான் இருக்கு. மேல மட்டும் வழி விட்டிருக்கேன்."

விளக்கம் சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவரை உறுத்தியது. இவ்வளவு தயாராக ஒருவன் பதில் வைத்திருப்பானா? போதாததற்கு, அதே வாரம் வாஷர் எதிர்த்தெருப் பட்டறைக்குள்ளிருந்து வெளியே வருவதைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்துத் தொலைத்தார். அவ்வளவுதான், முடிச்சு போட ஆரம்பித்துவிட்டார். பயல் அங்கே விலை போய்விட்டான். இங்கே வேண்டுமென்றே உருப்படாத சக்கரத்தை மாட்டி, நிலத்துக்கார அம்மாவின் முன்னாலேயே பட்டறையின் மானத்தை வாங்கிவிட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு எதிர்த்தெருவுக்குப் போகப் போகிறான்.

மனைவியிடம் இதைச் சொன்னார். அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"என் தம்பிய வெளிய அனுப்பிட்டா அப்புறம் யாரைச் சந்தேகப்படுவீங்க? வீட்ல பாக்கி நான் ஒருத்திதான்."

"முளைக்கட்டும், பாப்போம். முளைச்சா அவன் இருப்பான். முளைக்கலைன்னா அவன் பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்."

"சாமர்த்தியமா பேசிட்டதா நினைக்காதீங்க" என்றார் மனைவி. "அவன் போனா நான் இந்த வீட்ல வாயத் திறக்க மாட்டேன்." அவர் அப்படிச் சொன்னால் அப்படியே செய்பவர் என்பது எக்ஸ்ரேக்குத் தெரியும். இருந்தாலும் சந்தேகத்தை விட மனம் வரவில்லை.

நிலத்துக்கார அம்மாவின் காட்டில் சோதனைக்காக மக்காச்சோளம் போட்டார்கள். நிலத்துக்கார அம்மா டிராக்டரில், வாஷர் இயந்திரத்தின் பின்னால் நடந்தபடி. வரிசைகள் நூல் பிடித்த மாதிரி வந்தன. வேலை முடிந்து இருவரும் மோட்டார் கொட்டகைப் பக்கம் டீ குடிக்கப் போனதும், எக்ஸ்ரே மட்டும் "நீங்க போங்க, எனக்குக் காத்து வாங்கணும்" என்று பின்தங்கினார். களிமண் காட்டில், உச்சி வெயிலில், காற்று. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு போனார்கள்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்தார். கடைசி வரிசையில் மண்டியிட்டுக் கிளறினார். விதை இருந்தது. சரியான ஆழம், ஒன்றே ஒன்று. ஒரு முழம் தள்ளிக் கிளறினார். அங்கேயும் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் எழுந்து போயிருப்பார்கள். அவர், 'நான் இந்தப் பக்கம்தான் பார்ப்பேன் என்று தெரிந்து இங்கே மட்டும் ஒழுங்காகப் போட்டிருக்கிறான்' என்று நினைத்து அடுத்த வரிசைக்குப் போனார். கிளறிய இடத்தையெல்லாம் பொறுப்பாக மூடினார். அந்த ரெட்டைச் சக்கரம் மாதிரி அரைகுறையாக இல்லாமல், தன் பழைய சக்கரம் அழுத்தினாற்போல, குதிகாலை வைத்து நன்றாக மிதித்தே மூடினார். அந்த இடத்து விதைகளாவது பிழைக்கட்டும் என்ற நல்லெண்ணம் வேறு.

மறுநாள் தூறல் விழுந்தது. அதன் பிறகு வெயில் வெளுத்து வாங்கியது.

அந்த நாட்களில் பட்டறையில் டக் டக் சத்தம் ஓயவேயில்லை. வாஷர் போனில் பேசினால் இவர் பக்கத்தில் வந்து ஆணிகளைப் பொறுக்குவார். வாஷர் மாடிக்குப் போனால் இவர் படிக்கட்டுக் கைப்பிடி ஆடுகிறதா என்று பார்ப்பார். மாடி அறையில் துணிகள் மடித்து வைக்கப்பட்டிருந்ததைக் கதவிடுக்கில் பார்த்துவிட்டு, மூட்டை கட்டத் தொடங்கிவிட்டான் என்று முடிவு செய்தார். துணியை மடித்து வைத்தது மனைவி.

முளை வந்துவிட்டது என்று நிலத்துக்கார அம்மாவிடமிருந்து போன் வந்ததும் மாமாவும் மச்சினனும் போனார்கள். காடு முழுக்கப் பச்சைக் கோடுகள். எக்ஸ்ரே அதைப் பார்க்கவில்லை. குறை தேடிக் கடைசி வரிசைகள் வரை நடந்தார். அவர் எதிர்பார்த்தது அங்கே இருந்தது. இங்கே ஒரு சொட்டை, அங்கே ஒரு சொட்டை, பல் விழுந்த வாய் மாதிரி.

"பாத்தீங்களாம்மா?" குரலில் வருத்தத்தை விட வெற்றிதான் அதிகமாக இருந்தது. "நான் அன்னைக்கே சொன்னேன். வேணும்னே பண்ணிருக்கான். எதிர்த்தெருக்காரன் கூட இவனுக்கு என்ன பேச்சுனு கேளுங்க."

வாஷரின் முகம் சிவந்தது. "அவர் வேலைக்குக் கூப்பிட்டது உண்மைதான் மாமா. வரலைன்னு நேர்ல சொல்லத்தான் போனேன்."

"கதை விடாதே."

"சரி, கதைதான். அப்படியே வெச்சுக்கங்க. நான் அங்கயே போயிடுறேன்" என்றான் வாஷர். "போறதுக்கு முன்னாடி விதை விழுந்துச்சா இல்லையான்னு மட்டும் பாத்துட்டுப் போறேன்."

சொட்டை விழுந்த இடத்தில் மண்டியிட்டான். மண் ஓடாக இறுகியிருந்தது, விரல் இறங்கவில்லை. சாவியை வைத்து நெம்பினான். ஒரு கட்டி பெயர்ந்தது. அடியில் விதை இருந்தது. வெறும் விதை இல்லை, முளைத்த விதை. வெளிறிய முளை மேலே முட்டி, வழி கிடைக்காமல் மடங்கி, பக்கவாட்டில் ஓடி, திரும்பவும் முட்டி, பாவம், சுருண்டு கிடந்தது. அடுத்த சொட்டையிலும் அப்படியே.

"உயிரோடதான் இருக்கு" என்றார் நிலத்துக்கார அம்மா, குனிந்து பார்த்து. "அப்ப மத்த இடமெல்லாம் வந்துருச்சே, இங்க மட்டும் யாரு தளம் போட்டது?"

வாஷர் கையிலிருந்த கட்டியைத் திருப்பினான். அதன் மேல்பக்கம் குழிந்திருந்தது. குழியின் விளிம்பில் பிறை வடிவில் ஒரு கோடு, ஓரத்தில் ஆணித்தலைகளின் சின்னப் புள்ளிகள். அவன் பார்வை கட்டியிலிருந்து நகர்ந்து மாமாவின் ஷூவில் போய் நின்றது. எக்ஸ்ரேயும் அப்போதுதான் பார்த்தார். ஸ்பூன், மண்டி போட்டது, மிதித்தது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. காது இரண்டும் சுட்டன. கண்டுபிடித்துவிட்டான், இனி அவன் முறை, நிலத்துக்காரியின் முன்னால் மானத்தை வாங்கப் போகிறான் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

வாஷர் கட்டியைக் கைக்குள் நொறுக்கினான். மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தான்.

"மாடு மிதிச்சிருக்கும்க்கா" என்றான் நிலத்துக்கார அம்மாவிடம்.

எக்ஸ்ரேக்கு ஒரு கணம் புரியவில்லை. இதில் என்ன உள்குத்து என்று மனம் வழக்கம்போலத் தேடியது. எவ்வளவு தேடியும் ஒன்றும் அகப்படவில்லை.

"மாடு இல்லம்மா" என்றார். "நான்தான். அன்னைக்கு விதை விழுந்துச்சானு தோண்டிப் பாத்துட்டு, மிதிச்சு மூடினேன்."

நிலத்துக்கார அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அதைத்தானே தம்பியும் சொல்லுது" என்றார்.

ரெட்டைச் சக்கரம் வைத்த அந்த இயந்திரமே வேண்டும், நாளைக்கே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினார். திரும்பி வந்ததும், வீட்டு வாசலில் எக்ஸ்ரே ஒருவழியாக வாயைத் திறந்தார்.

"போகாதடா. நான் உன்னை நம்புறேன்."

"கண்ணால பாத்துட்டீங்க மாமா" என்றான் வாஷர். குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். "பாத்ததுக்கு அப்புறம் யார் வேணும்னாலும் நம்புவாங்க."

காலையில் அவன் தன் டூல் பெட்டியை எடுத்துப்போகப் பட்டறைக்கு வந்தான். இயந்திரம் கழுவித் துடைத்து வாசலில் நின்றது. எக்ஸ்ரே நிலத்துக்கார அம்மாவுக்காகக் காத்திருந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதைக் கடந்து போன வாஷர் நின்றான். திரும்பி வந்து குனிந்து பார்த்தான். சட்டத்தில், கொழுவில், விதைக் குழாயில் எல்லா போல்ட்டுக்கும் சிவப்புப் பொட்டு இருந்தது. ரெட்டைச் சக்கரத்தில் மட்டும் இல்லை.

"மாமா, இதுல பொட்டு வெக்க மறந்துட்டீங்க."

"மறக்கல."

"செக் பண்ணலையா?"

"நீ இறுக்கினதுதானே" என்றார் எக்ஸ்ரே. சொல்லிவிட்டு, பழக்க தோஷத்தில் ஸ்பேனரைத் தேடிப் போன வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார்.

வாஷர் அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நெற்றியைச் சொறிந்தான். பிறகு டூல் பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்து, ஸ்பேனரை எடுத்து, முதல் போல்ட்டில் மாட்டி இழுத்துப் பார்த்தான். இறுக்கமாகத்தான் இருந்தது. அடுத்ததற்குப் போனான்.

"என்னடா? நான்தான் நம்புறேன்னு சொல்றேனே?"

"நீங்க பாக்கலேன்னா நான்தான் மாமா பாக்கணும்" என்றான் வாஷர், நிமிராமலே. "அந்தப் பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனரை எடுங்க."

எக்ஸ்ரே எடுத்துக் கொடுத்தார். அது பன்னிரண்டாம் நம்பர்தானா என்று அவர் திருப்பிப் பார்க்கவில்லை. அன்று மத்தியானம் மனைவி இரண்டு பேருக்கும் சாப்பாடு கொண்டுவந்தபோது டூல் பெட்டி அதே இடத்தில் திறந்தே கிடந்தது.