சூடு தெரியாத கால்

போன ஆடியில் எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் தீ மிதித்துவிட்டு வந்த என் வீட்டுக்காரர், "இந்தத் தடவ கொஞ்சங்கூட சூடே தெரியல" என்றார். அம்மன் அருள் என்று மஞ்சள் தண்ணீரால் அவர் காலைக் கழுவி, விழுந்து கும்பிட்டேன். கழுவும்போதே கட்டைவிரலுக்கு அடியில் ஒரு கொப்புளம் கையில் தட்டியது. அழுத்திப் பார்த்தேன். வலிக்கவில்லை என்றார்.

அந்தக் கொப்புளம் புண்ணாகி, ஆறுவேனா என்றது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா அவரைக் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் அங்கங்கே தொட்டுப் பார்த்தார். இவர் கண்ணை மூடியபடியே, "எப்பங்க தொடப் போறீங்க?" என்று கேட்டார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "சர்க்கர ஜாஸ்தியாகி காலுல உணர்ச்சி போயிருக்கு. மருந்தோட சாப்பாட்டையும் கட்டுப்படுத்தி சர்க்கரைய எறக்கணும். இல்லன்னா இந்த விரல எடுக்க வேண்டி வரும்" என்றார்.

பஸ்ஸில் வரும்போது அவர், "கட்டைவிரல் போச்சுன்னா வரப்புல எப்படி நிக்கறது?" என்று ஒரு தடவைதான் கேட்டார். நான் மனசுக்குள் அம்மனிடம் பேசிக்கொண்டு வந்தேன். தாயே, மருந்து அவங்க கொடுக்கறாங்க, சோறு போடறது நான். இந்த விரலை நான் விடமாட்டேன், நீ கூட இரு.

அன்று முதல் ராத்திரிச் சோற்றை நிறுத்தினேன். பசி தாங்கமாட்டாரே என்று எங்கள் கொல்லை நிலத்தில் விளைந்த மரவள்ளிக் கிழங்கை வேகவைத்துக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை விரதத்துக்கு ஜவ்வரிசிக் கஞ்சி. சோறுதான் இல்லையே என்று எனக்கு ஒரு திருப்தி. அடுத்த தடவை ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை ஏறியிருந்தது.

நர்சம்மா என்னை உட்காரவைத்துக் கேட்டார்.

"ராத்திரிக்கு இன்னா சாப்புடறாரு?"

"சோத்தையே நிறுத்திட்டங்க. கிழங்குதான்."

"இன்னா கிழங்கு?"

"நம்ம மரவள்ளிதாங்க. விரத நாள்ல ஜவ்வரிசிக் கஞ்சி."

"ஏம்மா, ஆலைக்காரன் அந்தக் கிழங்குலேர்ந்து இன்னா எடுக்கறான்? மாவு. அந்த மாவுதான் ஜவ்வரிசி. சோத்த முன்வாசல்ல தொரத்திட்டு பின்வாசல்ல கூப்ட்டுக்கினு வந்துட்டீங்க."

"எங்க கொல்லையில வெளஞ்சதுங்க" என்றார் இவர், அதற்கு மேல் நியாயம் இல்லை என்பதுபோல.

"உங்க கொல்லையில வெளஞ்சதுன்னு சர்க்கரைக்குத் தெரியாதுங்க."

லோடு லோடாகச் சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு அந்தக் கிழங்கை ஏற்றிவிடுகிற குடும்பம் எங்களுடையது. அது மாவு என்று எங்களுக்குத்தான் முதலில் தோன்றியிருக்க வேண்டும். வருத்தப்பட்டுக்கொண்டு உட்கார நேரமில்லை. தட்டையே மாற்றினேன். பாதித் தட்டு கீரை, அவரை, புடலை. அப்புறம் தட்டைப்பயறோ கொள்ளோ. மிச்ச இடத்தில் ஒரு கரண்டி சோறு. கல்வராயன் மலையிலிருந்து சந்தைக்கு வரும் சாமையை வாங்கிச் சில நாள் அதைப் பொங்கினேன். சாமையும் அளவோடுதான் என்று நர்சம்மா சொல்லியிருந்ததால் அதற்கும் அதே கரண்டி. அவர் கரண்டியைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார்.

வெறுங்காலில் திரிந்தவரைச் செருப்புப் போடவைத்தேன். சாயங்காலம் விளக்கேற்றியதும் அவர் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பதும் எனக்குப் பூஜையில் சேர்ந்துபோனது.

அடுத்த தெருவில் இருக்கிற அவர் அக்காவுக்கு இது பொறுக்கவில்லை. தூக்கில் அதிரசம் கொண்டுவந்து, "எந்தம்பி எளச்சுப்போய்ட்டான். பட்டினி போட்டே கொல்றா இவ" என்றார்.

"அண்ணி, தாராளமா குடுங்க. அப்படியே அந்த விரலுக்கும் நீங்களே பொறுப்பு ஏத்துக்கங்க."

அண்ணி தூக்கை மூடிக்கொண்டு போனார். ஒரு வாரம் பேச்சில்லை. அப்புறம் ஒரு கட்டு முருங்கைக்கீரையை வாசலில் போட்டுவிட்டு, "ஆஞ்சி போடு அவனுக்கு" என்று நிற்காமல் போனார்.

புண் மெதுவாகச் சுருங்கி, இந்த ஆடிக்கு முன்னால் காய்ந்தது. விரலை எடுக்க வேண்டியதில்லை என்றார் டாக்டரம்மா. தீ மட்டும் இனிமேல் கூடாது என்றார். அதைக் கேட்டு இவர் இடிந்துபோனார். "அம்மன் கோச்சுக்கமாட்டாளா?"

"சுடறது தெரிஞ்சும் நடக்கறதுதாங்க வேண்டுதல். காலு செத்துப்போய் நடந்தா அவ ஏத்துப்பாளா? உங்க காலத் தப்பிக்க வச்சதே அவதான்" என்றேன்.

தீமிதி அன்று இவர் தீக்குழியைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே, செருப்போடு, கையைத் தலைக்கு மேல் கூப்பி நின்றார். சர்க்கரைப் பொங்கல் வந்தது. பிரசாதத்தை எப்படி மறுப்பது என்று எனக்கே தெரியவில்லை. அவர் ஒரு பருக்கை எடுத்து, கண்ணில் ஒற்றி, வாயில் போட்டார். தொன்னையை அண்ணி கையில் கொடுத்து, "நீ சாப்புடுக்கா" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல மஞ்சள் தண்ணீர் கரைத்தேன். சூடு இருக்கிறதா என்று முதலில் என் கையில் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் அவர் காலில் ஊற்றினேன். கட்டைவிரலுக்குக் குங்குமம் வைத்தேன். திருவிழா நாள்தானே என்று அவர் தட்டோடு வந்து உட்கார்ந்தார். அன்றைக்கும் ஒரு கரண்டிதான் வைத்தேன்.