மெஷினை விட்டு வந்த மாமா

எங்கள் மாமா, அம்மாவின் தம்பி, ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சோற்றுக் கோப்பையோடு எழுந்து போய் ரோட்டை எட்டிப் பார்ப்பார். வந்து இரண்டு வாய் வைப்பார். மறுபடி எழும்புவார். "பேய் புடிச்சவன் மாதிரி அலையிறான்" என்று அம்மா ஏசுவாள். ஆனால் அந்த நாட்களில் கண்டியில் எங்கள் தமிழ் ஆட்கள் எல்லோரும் கொஞ்சம் அப்படித்தான் இருந்தார்கள். இன்னொரு கலவரம் வரும் என்று கடையிலும் பஸ்ஸிலும் குரலை இறக்கிப் பேசிக்கொள்வார்கள். எனக்கு ஏழு வயது. வரும் என்றால் மழை மாதிரி வரும், பிறகு விட்டுவிடும் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் வீடு ரோட்டிலிருந்து படியேறிப் போகும் மேட்டில் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் ஓர் ஒற்றையடிப் பாதை செங்குத்தாக ஏறி, சின்னதொரு பிள்ளையார் கோயிலில் போய் முடியும். கோயிலுக்கு அந்தப் பக்கம் தேயிலைத் தோட்டம். அப்பா லொறியிலிருந்து மூட்டையோடு விழுந்து முதுகில் அடிபட்டதிலிருந்து அவருக்கு இரண்டு காலும் இல்லை என்றே சொல்லலாம். கிளினிக் நாளில் மாமாதான் அவரை முதுகில் சுமந்து படியிறங்குவார். தம்பி கைக்குழந்தை. அம்மாவின் இடுப்பை விட்டு இறங்கமாட்டான்.

இப்படிப்பட்ட வீட்டில், ஈர்க்குச்சி போலிருந்த மாமா திடீரென்று ஜிம்முக்குப் போகத் தொடங்கினார்.

"ஆணழகன் போட்டிக்கா மாப்புள?" என்றார் அப்பா, படுக்கையிலிருந்தபடியே. "ஒனக்குப் பக்கத்துல என்னைய நிறுத்துனா நான் ஜெயிச்சிருவேன்."

அந்த ஜிம் ஒரு டயர் கடைக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகை. நடத்தியவர் ஒரு சிங்கள மாஸ்டர். உடைந்த தமிழில் மாமாவை "மல்லி, மல்லி" என்று சொந்தத் தம்பியைப் போல் கூப்பிடுவார். சனிக்கிழமைகளில் நானும் அடம்பிடித்து ஒட்டிக்கொண்டு போய், ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்திருப்பேன். மாமாவுக்குக் கை, நெஞ்சு எதிலும் அக்கறை இல்லை. தோளில் பாரத்தை வைத்துக் குந்தி எழும்புவது மட்டும்தான்.

அதற்கு அங்கே இரண்டு வழி இருந்தது. ஒன்று, சும்மா ஓர் இரும்புக் கம்பியும் இரண்டு பக்கமும் மாட்டும் தட்டுகளும். மற்றது, மாஸ்டர் கொழும்பிலிருந்து இறக்கிய புது மெஷின். அதில் கம்பி இரண்டு குழாய்களுக்கு நடுவே மேலும் கீழும் மட்டும்தான் போகும், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசையாது. முடியாமல் போனால் மணிக்கட்டைத் திருப்பினால் போதும், கொக்கி பிடித்துக்கொள்ளும்.

அந்த வாரம் கிளினிக்கிலிருந்து திரும்பும்போது, மாமா அப்பாவைச் சுமந்தபடியே கிழங்குக் கடையின் பெரிய தராசில் ஏறி நின்றார். பிறகு என்னையும் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். எங்களை இறக்கிவிட்டுத் தனியாகவும் நின்றார்.

"என்ன தம்பி, மச்சான கிலோ என்ன வெலைக்குத் தாரீங்க?" என்றார் கடைக்கார நானா.

"கால் ரெண்டும் கழிவு நானா, பாத்துப் போடுங்க" என்றார் அப்பா.

எல்லோரும் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. அவர் உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. நானா கொடுத்த டொபியில் எனக்கு மற்றதெல்லாம் மறந்துபோனது.

அடுத்த சனிக்கிழமை மாமா மெஷினில் எழுபது கிலோ போட்டு, நிறுத்தாமல் நாற்பது தரம் குந்தி எழும்பினார். மாஸ்டர் கைதட்டினார். நானும் தட்டினேன். மாமாவோ சந்தோஷமே இல்லாமல் வியர்வையைத் துடைத்தார். அதே எழுபதைக் கொண்டுபோய்ச் சும்மா கம்பியில் மாட்டினார்.

"மல்லி, பைத்தியமா? மெஷின் எதுக்கு வாங்கினது? முழங்கால் போனா கடையில வாங்க ஏலாது!"

"மாஸ்டர், அந்தக் குழாய் ரெண்டும் இங்க மட்டுந்தானே இருக்கு" என்றார் மாமா.

 மாஸ்டர் போய் இரண்டு பக்கமும் லொறி டயர்களை அடுக்கினார், கம்பி நழுவினால் அதில் விழட்டும் என்று. "நான் பின்னால நிக்காம தொடக்கூடாது" என்று மட்டும் சொன்னார்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மெஷினில் மரம் மாதிரி நின்ற மாமா கம்பியின் கீழே புல் மாதிரி ஆடினார். பன்னிரண்டு தரம் போவதற்குள் தொடை நடுங்கியது. பத்திரமான வழி பக்கத்திலேயே இருக்க, இந்த மனுஷனுக்கு ஏன் இந்தப் பிடிவாதம்? கோயிலுக்குப் போய்ப் பிள்ளையாரிடம் வேண்டினேன்: "மாமாவ மெஷினுக்கே அனுப்பு சாமி, ஒனக்கு ஒரு தேங்கா ஒடைக்கிறேன்."

பிள்ளையார் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை மாஸ்டர் முன்கடைக்குப் போயிருந்த நேரத்தில், மாமா பொறுக்கமாட்டாமல் கம்பியைத் தோளில் ஏற்றினார். இருபதாவது தரம் எழும்பும்போது இடப்பக்கம் சரிந்தது. கம்பி டயரில் விழுந்து துள்ளியது, மாமா சிமெந்துத் தரையில் விழுந்தார். நான் வீரிட்டேன். ஓடிவந்த மாஸ்டர் சிங்களத்தில் ஏசிக்கொண்டே அவருடைய முழங்காலைத் தடவினார். எலும்பில் ஒன்றுமில்லை.

மாமா வெகு நேரம் தரையிலேயே இருந்தார். அவர் அத்தனை நேரம் அசையாமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன். பிறகு எழுந்து, கம்பியின் இரண்டு முனையிலிருந்தும் ஒவ்வொரு பத்துக் கிலோத் தட்டாகக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவைத்தார். என் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில், "நாளையிலருந்து நீயும் பழகணும்" என்றார். "பின்னால பாதையில கோயில் வரைக்கும் ஓடணும். திரும்பிப் பாத்தா தோத்துட்ட. மணிய அடிக்கக்கூடாது, தூணத் தொட்டாப் போதும்."

பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்குத்தான் என்று நினைத்தேன். தினமும் ஓடினேன். மாமா ஐம்பதிலேயே நின்று, அதை ஆடாமல் நாற்பது தரம் செய்யப் பழகினார். தேங்காய் மிச்சம் என்று நானும் பிள்ளையாரோடு கோபத்தில் இருந்தேன்.

அது ஒரு பகலில் வந்தது. டவுன் பக்கம் புகை. மாமா படியேறி ஓடிவந்து, என்னைப் பார்த்து "ஓடு" என்று ஒரு சொல்தான் சொன்னார். ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை. தூணைத் தொட்ட பிறகுதான் பார்த்தேன். தம்பியோடு அம்மா வந்தாள். அவளுக்கு வெகு பின்னால் மாமா, முதுகில் அப்பா. பாதை வழுக்கி அப்பா ஒரு பக்கம் சரிய, மாமா அந்தப் பக்கம் இடுப்பைக் கொடுத்து, குந்தினாற்போல் நின்று, மறுபடி எழும்பினார்.

"நாந்தான் ஃபர்ஸ்ட்!" என்றேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். அப்பாவை இறக்கிய மாமா என் தலையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். ஜெயித்த பிள்ளையைப் பார்த்து ஏன் அழுகிறார் என்று எனக்குக் கோபமாகக்கூட இருந்தது.

என் மகளுக்கு ஏழு வயதானபோது, காய்ச்சலுக்குக் காட்டப் போன இடத்தில் நிறை பார்த்தார்கள். "இருபது கிலோ" என்றார் நர்ஸ். மருந்துத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பா ஐம்பது. மாமா தோளில் ஏற்றிப் பார்த்தது எழுபது.

பிள்ளையார் என் வேண்டுதலைக் கேளாமல் விட்டதற்காக வருஷா வருஷம் அவருக்கு ஒரு தேங்காய் உடைக்கிறேன். உடைக்கும்போதெல்லாம் அந்தக் கொட்டகைச் சுவரும், அதில் சாய்ந்திருந்த இரண்டு தட்டுகளும் கண்ணில் வரும். மாமா அன்று திரும்பிப் பார்க்க முடியாமல் கழற்றிவைத்தது என்னைத்தான்.