வால்வு அறையின் சாவி

அரிமளத்தில் அந்தப் பெரிய வீடு பாகம் பிரிந்தபோது அண்ணன் நாச்சியப்பனும் தம்பி சொக்குவும் பேச்சை நிறுத்தினார்கள். நடுவே சுவர் எழும்பியது. கேஸ் விளக்கு மட்டும் இரண்டு பங்குக்கும் பொது. கொல்லையில், கார்பைடில் தண்ணீர் பட்டு அந்த கேஸ் உண்டாகும் தொட்டி. அங்கிருந்து வரும் குழாயை அடைக்க ஒரே ஒரு வால்வு. அது இருந்த அறை அண்ணன் பங்கில் விழுந்தது.

'அந்த அறைக்குப் பூட்டுப் போடக் கூடாது. வால்வுக்கு முன்னால் சாமான் அடுக்கக் கூடாது' என்பது அவர்கள் அப்பா வைத்த சட்டம். நாச்சியப்பன் பூட்டினார். சாவியை மனைவி அலமேலுவிடம் கொடுத்து, "சொக்கு நிழல்கூட உள்ளே விழக் கூடாது" என்றார்.

கார்பைடு போட வரும் கண்ணுசாமி தலையில் அடித்துக்கொள்வார். "ஆபத்துன்னா சாவியைத் தேடிக்கிட்டா இருப்பீங்க, ஆச்சி?"

"இடுப்புலதானே இருக்கு? அது எங்கிட்டுப் போகப் போகுது?" என்று சிரிப்பாள். ஆனால் படுத்தால் தூக்கம் வராது.

பிள்ளையில்லாத அலமேலு நெஞ்சில் போட்டு வளர்த்தவள் சொக்குவின் மகள் முத்தாள். 1952 ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். போகக் கூடாது என்று நாச்சியப்பன் சொல்லிவிட்டார். முதல் நாள் மாலை, நாகஸ்வரம் சுவர் தாண்டி வர வர, அலமேலு உட்கார்ந்தாள், எழுந்தாள், சுவரில் காதை வைத்தாள், மறுபடியும் நடந்தாள்.

விளக்கேற்றிய சற்று நேரத்தில் காற்றில் பூண்டு வாடை. கல்யாணச் சமையலா? ஐயோ, இது கேஸ்!

கதவு இடிபட்டது. வெளியே சொக்கு, அண்ணியைக் கூப்பிட்டபடி. "அண்ணமிண்டி! பந்தல்காரன் குழாயில ஆணி அடிச்சுட்டான். வீடெல்லாம் விளக்கு எரியுது, முத்தாள் உள்ளே இருக்கா! வால்வை மூடுங்க!"

நாச்சியப்பன் வழிமறித்தார். "நாடகம்! அறைக்குள்ள கால் வைக்க வழி பாக்கிறான். திறந்தியோ, எனக்கும் ஒனக்கும் ஒண்ணும் இல்லை."

"இல்லாமப் போகட்டும்!"

அலமேலு கதவைத் திறந்து சொக்குவை உள்ளே விட்டாள். ஓடிப்போய் அறைப் பூட்டையும் திறந்தாள். வால்வு கண்ணில் படவில்லை. தோள் உயரத்துக்குப் பித்தளை அண்டா, வெண்கலப் பானை, குத்துவிளக்கு. ஒவ்வொன்றிலும் 'முத்தாள்' என்று பெயர் வெட்டியிருந்தது. யாரும் நுழையாத இடம் என்று, புருஷனுக்குத் தெரியாமல் அவளே சேர்த்து அடுக்கிய சீர்! அவள் ஆசையே அவள் வளர்த்த பெண்ணுக்கு எமனாக நின்றது. அண்டாவை இழுத்தாள். நகரவில்லை.

"யாருக்குடி இதெல்லாம்?"

"பேரை வாசிங்க! வாசிச்சுட்டுக் கையைக் குடுங்க!"

வாசித்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். "டேய் சொக்கு, என்னடா வேடிக்கை? அங்கிட்டுப் பிடி!"

அண்ணன் தூக்க, தம்பி வாங்க, கிடைத்த இடுக்கில் உடம்பை நுழைத்து அலமேலு வால்வைத் திருகினாள். இரண்டு வீடும் ஒருசேர இருண்டன. அந்த இருட்டில் "பெரியாத்தா!" என்று ஓடிவந்த குரல் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

மறுநாள் தாலி கட்டும் திருப்பூட்டு. சீர் பரப்பியதில் அந்தப் பாத்திரங்களே முன்வரிசை.

குழாய் ஓட்டையை அடைக்க வந்த கண்ணுசாமி திகைத்தார். "என்ன செட்டியாரே, வால்வு அறைக் கதவையே கழட்டிட்டீங்க?"

"பூட்டுற புத்தி மறுபடி வந்துடக் கூடாதுல்ல!"

அலமேலுவின் பதற்றம் மட்டும் அடங்கவில்லை. சில வருஷம் கழித்து மின்சாரம் வந்து குழாயைப் பிடுங்கிய பிறகும், அந்த மூலையில் யாராவது ஒரு சொம்பை வைத்தால் போதும். "எடு அதை! முத்தாள் உள்ளே இருக்கா!" என்று ஓடிவருவாள். முத்தாளோ புருஷன் பிள்ளைகளோடு மதுரையில் சௌக்கியமாக இருந்தாள்.