நெய் குடித்த கியர்ப் பெட்டி

போன கிழமை மருமகனின் புது மின்சாரக் காரில் ஏறினேன். "கியர் மாத்துற வேலையே இல்லை மாமா," என்றான் பெருமையாக. அப்படியென்றால் மனிதன் எதைத்தான் பிழையாகச் செய்வது? எனக்கு வந்த கவலை அதுதான்.

எண்பதுகளின் பிற்பகுதியில் வேலணையில் என்னிடம் ஒரு பழைய ஏ-40 கார் இருந்தது. கார் திருத்துவது பற்றித் தடித்த புத்தகம் ஒன்றும் இருந்தது. பெரிய பற்சில்லு மெதுவாகச் சுற்றிப் பலம் தரும், சின்னது விரைந்து சுற்றி வேகம் தரும், பல்லும் பல்லும் கடிக்கும் இடத்தில் எண்ணெய் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று காண்பவர்களுக்கெல்லாம் விளக்குவேன். கேட்டவர்கள் சைக்கிளில் போய்விடுவார்கள். நான் காரைத் தள்ளிக்கொண்டு போவேன்.

என் கலியாணத்துக்கு முதல் நாள் பார்த்தால் கியர்ப் பெட்டி காய்ந்து கிடந்தது. கடைகளில் கியர் எண்ணெய் மாதக்கணக்காக இல்லை. பெண் வீடு, வள்ளத்தில் கடல் கடந்து போகவேண்டிய நயினாதீவு. முகூர்த்தம் காலை பத்தரை. தடிப்பாக, பல்லில் ஒட்டுகிற பொருளாக இருக்க வேண்டும் என்றது புத்தகம். குசினியில், பலகாரத்துக்கென்று நெடுந்தீவிலிருந்து வந்த நெய் தைமாதக் குளிரில் உறைந்திருந்தது. தடிப்பில் குறை சொல்ல ஏதுமில்லை. இரண்டு போத்தல் அளவு உருக்கி ஊற்றினேன்.

விடியப் புறப்பட்டபோது நாலு கியரும் அழகாக விழுந்தன, கடலுக்கு நடுவே போகும் புங்குடுதீவுத் தாம்போதி தொடங்கும் இடம் வரைக்கும். சூடேறிய நெய் தண்ணீராகி வழியெல்லாம் ஒழுகியிருந்தது. முன்கியர் எதைப் போட்டாலும் கறகறவென்று நழுவியது. பின்கியர் ஒன்றுதான் பிடித்தது. குறிகட்டுவான் துறையில் நிற்கும் வள்ளத்தை விட்டால் அடுத்தது முகூர்த்தம் முடிந்த பிறகுதான்.

பின்னிருக்கையில் இருந்த மாமி, அப்பாவின் தங்கை, மூக்கை உறிஞ்சினார். "இதென்னடா, கார் பொங்கல் புக்கை மாதிரி மணக்குது?"

நான் வேட்டிக் கரையை ஆராய்ந்தேன். காரோட்டி வந்த நண்பன் பொன்ராசா இறங்கினான். "தள்ளித் திருப்புவம். பின்பக்கமாவே ஓடுறன்."

"விசரே உனக்கு? நல்ல காரியத்துக்கு வெளிக்கிட்டால் வீட்டுப் பக்கம் திரும்பப்படாது!"

"மூஞ்சிதான் மாமி வீட்டைப் பாக்கும். சில்லு துறைக்குத்தான் போகும். சகுனத்தைப் பாத்துக்கொண்டு நிண்டால் சகுனம் மட்டுந்தான் மிஞ்சும்."

மாமி என்னைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். பிறகு கூறைக்கு நிகரான பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் ஆளாகத் தள்ளினார்.

அந்த ஓட்டம் இருக்கிறதே! இருபுறமும் கடல். பொன்ராசாவின் தலை ஜன்னலுக்கு வெளியே. பின்கியரின் கூக்குரலில் கொக்குகள் எழும்பிப் பறந்தன. நான் வேலணையைப் பார்த்தபடியே வேலணையை விட்டுப் போய்க்கொண்டிருந்தேன். மாமி பின்கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு, "இடப்பக்கம் எடு! ஐயோ, மாடு! விடாதை, ஓடு!" என்று சிரித்துச் சிரித்துக் கத்தினார். அவர் அப்படிச் சிரித்ததை அதற்கு முன் நான் கண்டதில்லை.

குறிகட்டுவான் துறை தெரிந்தபோது வள்ளக்காரர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்தது காரின் முதுகு. மாப்பிள்ளை வீட்டார் ஏதோ கோபத்தில் திரும்பிப் போகிறார்கள் என்று நினைத்தாராம். மாமி கதவைத் திறந்து ஓடினார்.

"நில்லும் தம்பி! நாங்கள் போகேல்லை, வாறம்! மாப்பிளை இஞ்சை இருக்கு!"

கயிற்றை எட்டிப் பிடித்த மாமி, நான் ஏறி உட்காரும் வரை விடவில்லை. பத்தரைக்குத் தாலி கட்டினேன்.

பிறகு புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் காரை நல்ல மெக்கானிக் ஒருவரிடம் விட்டேன். நாலு கியரும் பிடித்தன. ஆனால் தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து ஊரே வெளிக்கிட்ட நாளில், பெற்றோலுக்குப் பதிலாக ஊற்றுவதற்கு மண்ணெண்ணெய்கூட இல்லை. ஆருக்காவது தேவைப்பட்டால் தள்ளிக்கொண்டு போகட்டும் என்று கியரை நியூட்றலில் விட்டுவிட்டு நடந்தோம்.

பல வருடங்களின் பின் போய்ப் பார்த்தேன். கார் இல்லை. யார் தள்ளிப் போனார்கள் என்று கேட்க, அயலில் ஒரு வீட்டிலும் ஆளில்லை.