ஆஸ்பத்திரிக்கு முன்னால் ஒரு துண்டுப் புறம்போக்கு

உப்பளத்தை ஒட்டியிருக்கும் எங்கள் சுகாதார நிலையத்துக்கு முன்னால், ரோடு வரைக்கும் ஒரு துண்டுப் புறம்போக்கு உண்டு. வருஷா வருஷம் யாராவது வந்து அதில் மரக்கன்று நட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். மண்ணில் உப்புப் பூத்துக் கிடக்கும். கோடைக்குள் கன்றுகள் கருகி, சுற்றி வைத்த கூண்டு மட்டும் நிற்கும். நர்ஸாக மாற்றலாகி வந்த புதிதில் அதை நான் கண்டுகொள்ளவில்லை. தடுப்பூசி நாளில்தான் உறைத்தது. உள்ளே இடமில்லாமல், கைக்குழந்தையோடு பெண்கள் வெயிலில் நின்றார்கள்.

நானும் எங்கள் மருந்தாளுநரும் ஒரு மழைக்காலத்தில் ஆரம்பித்தோம். அவர் கோட்டக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருபவர். இந்தக் கரையில் எது தானாக நிற்கிறதோ அதையே வைப்போம் என்றார். பூவரசங்கிளைகளை வெட்டி ஊன்றினோம். ஆடு வாய் வைக்காது என்று ரோட்டோரம் நொச்சி வைத்தோம். உப்பு மண்ணில் தானே படரும் உமரிச் செடி யாரும் வைக்காமலே வந்தது. பிடுங்காமல் விட்டோம், அவ்வளவுதான். கோடை முழுக்க டியூட்டி முடிந்ததும் குடத்தில் தண்ணீர் சுமந்தேன். இந்த இடுப்பு வலி அப்போது பிடித்தது. பூவரசில் பாதி பட்டுப்போனது. திரும்ப ஊன்றினோம். பிறகு அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. தனியாகச் சுமந்தேன். சில வருஷத்தில் பூவரசு நிழல் தரும் மரமானது.

புதர் மண்டிவிட்டது, பாம்பு வருகிறது என்று ஊரில் பேச்சு வந்தது. ஒருமுறை நிஜமாகவே சாரைப்பாம்பு ஒன்று வராந்தா வரை வந்தது. இடத்தைச் சுத்தம் செய்து புல்தரை போடுவதென்று எங்கேயோ முடிவானது. என்னிடம் யாரும் சொல்லவில்லை.

தடுப்பூசி நடந்துகொண்டிருந்த ஒரு புதன்கிழமை பொக்லைன் வந்து நின்றது. கையிலிருந்த குழந்தைக்கு ஊசி போட்டுவிட்டு நான் வெளியே ஓடுவதற்குள், நொச்சி வரிசை வேரோடு புரண்டு கிடந்தது. டிரைவரை நிறுத்தச் சொன்னேன்.

“முள்ளுப் பொதரு எடுக்கணும்னுதான் சொல்லி அனுப்பினாங்க, சிஸ்டர்.”

“முள்ளு எங்கப்பா இருக்குது? இதெல்லாம் நாங்க வச்சது.”

அவன் காண்டிராக்டருக்குப் போன் போட்டான். மொத்தமும் எடுக்க வேண்டுமாம் என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். சண்டை போட எனக்குத் தெம்பில்லை. ஊசிக்கு வரிசை நின்றது. உள்ளே போய்விட்டேன்.

பூவரச மரங்கள் கட்டடத்துக்குப் பக்கத்தில் இருந்தன. அவற்றின் அடியில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் அவர்களை எழுந்து தள்ளிப் போகச் சொன்னது ஜன்னல் வழியே கேட்டது. குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த மீனவர் குப்பத்துப் பெண் ஒருத்தி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“எழுந்து எங்க போறது, இந்த வெயில்ல? இப்பத்தான் ஊசி போட்டுக்கினு வந்து கண்ணு மூடுது. அப்புறமா வா.”

அவள் ஒன்றும் மரத்துக்காகப் பேசவில்லை. மற்றவர்களும் அசையவில்லை. அவன் வேறு வேலை இருக்கிறதென்று வண்டியை எடுத்துக்கொண்டு போனான். மரங்களுக்காக அப்புறம் யாரும் வரவில்லை.

மீதி இடத்தில் செம்மண் கொட்டிப் புல் பதித்தார்கள். கோடையில் அடியிலிருந்து உப்பு ஏறி, புல் திட்டுத் திட்டாக மஞ்சளானது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இல்லை. என்னைப் போல அதற்கும் ஒரு ஆள் தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் இருந்தான். கடைசியில் காண்டிராக்டரே வந்து, பழையபடி ஏதாவது வைத்துத் தர முடியுமா சிஸ்டர் என்று மரியாதையாகக் கேட்டார். தண்ணீர் ஊற்ற ஆள் போடுவீர்களா என்றேன். பார்க்கலாம் என்றார். நானும் பார்க்கலாம் என்றேன்.

மழை பிடித்ததும், நான் போனில் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய மருந்தாளுநர் நொச்சிக் குச்சிகளோடு வந்தார். அவருக்கும் தலை நரைத்திருந்தது. பாம்பு வந்தால் கண்ணில் படட்டும் என்று நடுவில் அகலமாகப் பாதை விட்டு ஊன்றினோம். பாதி இடம்தான் முடிந்தது. தண்ணீர் ஊற்ற ஆள் யாரும் வரவில்லை, என் இடுப்பும் தாங்காது, மீதியை இந்த வருஷம் தொடப்போவதில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.