பம்பரத்தின் முன் சீட்டு

இரண்டு விமானக் கம்பெனிகளின் சண்டையை நான் ஒரே ஒரு ஸ்பேனரால் தீர்த்துவைத்தேன். இதில் கொஞ்சம் மிகை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். சண்டை தீரவில்லை. ஆனால் ஸ்பேனர் உண்மை. அந்தச் சண்டையில் கழன்று வந்த சீட்டில் ராஜா மாதிரி சாய்ந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன் என்பதும் உண்மை.

அது என் மருமகனுடைய வேனில் இருந்த சீட்டு. விமானிகளையும் பணிப்பெண்களையும் அவரவர் வீட்டு வாசலில் ஏற்றி விமான நிலையத்தில் இறக்கிவிடுவது அவர் தொழில். வண்டி சொந்தம், வேலை ஒப்பந்தம். தெருவில் அவருக்குப் பம்பரம் என்று பெயர். உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் கை ஆடும். என் மகளைப் பற்றிப் பேச முதன்முதலில் வீட்டுக்கு வந்தவர், நாங்கள் பேசி முடிப்பதற்குள் எங்கள் வாசல் கதவின் கீலுக்கு எண்ணெய் போட்டுவிட்டார். அவர் அடங்கியிருக்கும் ஒரே இடம் ஸ்டியரிங்குக்குப் பின்னால்தான். வண்டி ஓடுகிறதே, அவர் ஓட வேண்டியதில்லை. பக்கத்துச் சீட்டில் யார் உட்கார்ந்தாலும் சரி, இறங்கும்வரை அவர்களோடு பேச்சு ஓயாது.

அரசாங்கத்திடம் இரண்டு விமானக் கம்பெனிகள் இருந்தன. ஒன்று நாட்டுக்குள் பறந்தது, மற்றது கடல் தாண்டிப் பறந்தது. நாட்டுக்குள் பறப்பவர்களைப் பம்பரம் குருவிகள் என்பார். காலையில் நாலு கிளை, மாலையில் நாலு கிளை, சாப்பாடுகூட நின்றபடியே. கடல் தாண்டுகிறவர்கள் கொக்குகள். ஒரு பறப்பு, பிறகு அந்தக் கரையில் ஒற்றைக்காலில் ஓய்வு. நஷ்டம் தாங்காமல் அரசாங்கம் இரண்டையும் ஒரே கூண்டில் அடைத்தது. பெயர்ப்பலகையை மாற்றப் பெயின்டருக்கு ஒரு பகல் பிடித்தது. வேறெதுவும் இன்றுவரை மாறவில்லை. ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம், இரண்டு விதமான ஓய்வு, இரண்டு சங்கம். குருவிகள் வேலைநிறுத்தம் செய்த அன்று கொக்குகள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வேலைக்கு வந்தார்கள். கேன்டீனில் இரண்டு மேசைக்கும் ஒரே சர்க்கரை டப்பா. அதை இப்படித் தள்ளுங்கள் என்று எதிர்மேசையைக் கேட்பதைவிட வெறும் டீயைக் குடித்துவிட்டுப் போவார்களாம்.

எல்லாவற்றுக்கும் வேர், யார் மூத்தவர் என்பதுதான். குருவிகள் வேலைக்குச் சேர்ந்த வருடத்தை வைத்து மூப்புப் பார்ப்பவர்கள். கொக்குகள் ஓட்டுகிற விமானத்தின் அளவை வைத்துப் பார்ப்பவர்கள். அதற்குப் போட்ட வழக்கு நீதிமன்றத்தில் தூங்கியது. வேன் தூங்க முடியுமா? போதாக்குறைக்கு, இரண்டு கம்பெனிக்கும் பொதுவாக இருந்த ஒரே பழக்கம் வினையாகப் போனது. வேனில் முன் சீட்டு மூத்த கேப்டனுக்கு.

எங்கள் பகுதியில் ஒரு குருவிக் கேப்டனும் ஒரு கொக்குக் கேப்டனும் அடுத்தடுத்த தெருவில் குடியிருந்தார்கள். குருவிக்குத் தலை நரைத்தாயிற்று, ஓட்டுவது சின்ன விமானம். கொக்கு அவரைவிடப் பத்து வயது இளையவர், ஓட்டுவதோ ஒரு தெருவையே ஏற்றிக்கொண்டு போகிற விமானம். ஒரு நாள் காலை முதலில் ஏறிய குருவி முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். கொக்கு வந்து முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். ஏறவில்லை.

“சார், பின்னாடி ஜன்னல் ஓரம் காலியா இருக்கு சார்,” என்றார் பம்பரம்.

“தெரியுதுப்பா. என் சீட்டு காலியாகட்டும்.”

“யார் சீட்டு தம்பி?” என்றார் குருவி. “நான் வேலைக்குச் சேர்ந்தப்போ நீங்க ஸ்கூல் பஸ்ல போயிட்டிருந்தீங்க.”

“உங்க பிளேனைவிட அந்த ஸ்கூல் பஸ்ல சீட்டு அதிகம் சார்.”

பின்னாலிருந்த பணிப்பெண்கள் சிரிப்பை மறைக்கக் கைப்பைக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். அன்று இரண்டு விமானங்கள் தாமதமாகப் புறப்பட்டன. மறுநாள் பம்பரம் புத்திசாலித்தனமாகக் கொக்கை முதலில் ஏற்றினார். குருவி தன் வீட்டு கேட்டில் சாய்ந்து நின்று செய்தித்தாள் படிக்க ஆரம்பித்தார். விளம்பரத்தைக்கூட விடவில்லை.

தாமதத்துக்கு யார் மேலாவது பழி போட்டாக வேண்டும். ஒரு கேப்டன் மேல் போட்டால் ஒரு சங்கம் கிளம்பும், மற்றவர் மேல் போட்டால் மற்ற சங்கம் கிளம்பும். பம்பரத்துக்குச் சங்கம் கிடையாது. போக்குவரத்து அதிகாரி அவரைக் கூப்பிட்டார்.

“இன்னொரு தடவை உன் வண்டியால பிளேன் லேட்டாச்சு, ஒப்பந்தம் கேன்சல். வேற வண்டி தயாரா இருக்கு.”

“வண்டி லேட்டே ஆகல சார். அவங்க வாசல்லயேதான் நின்னுட்டு இருந்துச்சு.”

“அதைத்தான் நானும் சொல்றேன்.”

எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது அந்த ஒப்பந்தத்தில். அன்று சாயங்காலம் மாப்பிள்ளை சமையலறையிலிருந்து வாசலுக்கும் வாசலிலிருந்து சமையலறைக்கும் நடந்தார். கையில் தட்டு, வாயில் முணுமுணுப்பு. பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தலை சுற்றியது.

“உட்காருங்க மாப்பிள்ளை.”

“உட்கார்றதுதான் அத்தை பிரச்சினையே.”

என் மகள் தையல் மிஷின் ரிப்பேர் பார்ப்பவள். மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள், “ரெண்டு பேரையும் வேற வேற வண்டில அனுப்பச் சொல்லுங்களேன்.”

“அனுப்பினா எந்த வண்டி முன்னாடி போகணும்னு கேப்பாங்களே.”

“அப்போ முன் சீட்டுல என்னை உட்கார வைங்க மாப்பிள்ளை,” என்றேன் நான். “எந்தக் கம்பெனிக் கணக்குல பார்த்தாலும் நான்தான் மூத்தவ.”

மாப்பிள்ளை ஒரு நிமிடம் அதை நிஜமாகவே யோசித்தார். அந்தளவுக்கு நொந்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு விளையாட்டுப் போய்விட்டது.

“சீட்டு இருந்தாத்தானே சண்டை?” என்றேன்.

நடை நின்றது. “கழட்டினதுக்கே என்னை வேலையைவிட்டு அனுப்பிட்டா?”

“லேட்டாப் போனதுக்காக அனுப்பறதைவிட, நேரத்துக்குப் போனப்புறம் அனுப்பட்டுமே. அது கொஞ்சம் மரியாதை.”

அவ்வளவுதான். ஸ்பேனரை எடுத்தேன், வாசலுக்குப் போனேன், வண்டிக்கு அடியில் படுத்தேன். நாலு போல்ட்டில் ஒன்று துருப்பிடித்துப் பிடிவாதம் பிடித்தது. அதனிடம் இரண்டு வார்த்தை பேசினேன், தானே கழன்றுவிட்டது. சீட்டைத் தனி ஆளாகத் தலையில் தூக்கிவந்து கூடத்தில் போட்டேன்.

மறுநாள் காலை நடந்ததை மாப்பிள்ளை நடித்தே காட்டினார். குருவி முன் கதவைத் திறந்து, உள்ளே கிடந்த வெறும் தகரத்தைப் பார்த்தார்.

“சீட்டு எங்கப்பா?”

“ரிப்பேருக்குப் போயிருக்கு சார்.”

“எப்போ வரும்?”

“உங்க கேஸ் முடியறதுக்குள்ள வந்துடும் சார்.”

குருவி சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே போய்ப் பின்னால் உட்கார்ந்தார். அடுத்த தெருவில் கொக்கு வந்தார். “அப்போ நான் எங்க உட்கார்றது?” என்றார்.

“முன்னாடி இல்லாததால எல்லாமே பின் சீட்டுதான் சார்.”

நடுவில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு இரண்டு கேப்டன்களும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி போனார்கள். யாராவது ஒருவர் நடுவழியில் இறங்குகிறேன் என்று சொல்லிவிடுவாரோ என்று மாப்பிள்ளை ஒவ்வொரு சிக்னலிலும் கண்ணாடியைப் பார்த்தார். யாரும் சொல்லவில்லை. விமானங்கள் நேரத்துக்குப் புறப்பட்டன. சாயங்காலம் குருவிச் சங்கம் கேன்டீன் கரும்பலகையில், கொக்கை முன் சீட்டிலிருந்து இறக்கிவிட்டோம் என்று எழுதியது. கொக்குச் சங்கம் அதே பலகையைத் திருப்பி, மறுபக்கத்தில் குருவியை இறக்கிவிட்டோம் என்று எழுதியது.

அடுத்த வாரமே எல்லா டிரைவர்களும் முன் சீட்டைக் கழற்ற ஆரம்பித்தார்கள். வண்டி ஷெட்டில் சீட்டுகள் மலைபோல் குவிந்தன. என் ஸ்பேனரைக் கேட்டு அமைச்சரே ஆள் அனுப்பினார், நான்தான் கொடுக்கவில்லை. குறை ஒன்றே ஒன்று. பக்கத்தில் ஆளில்லாமல் மாப்பிள்ளை தவித்துப்போனார். வண்டியில் பேச முடியாத பேச்சையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து, எங்கள் பின்னாலேயே நடந்து நடந்து பேசினார்.

இதுவரை எழுதியதை என் தோளுக்கு மேலாகப் படித்த மகள் சொன்னது:

“அமைச்சரும் இல்ல, மலையும் இல்லம்மா. நாலு போல்ட்டையும் கழட்டினது நான். நீ டார்ச் பிடிச்ச, அதையும் உன் மூஞ்சிக்கே காட்டிக்கிட்டு. சீட்டைத் தூக்கிட்டு வந்தது உன் மாப்பிள்ளை. மூணாம் நாளே ஆபீசர் வண்டியைப் பார்த்துட்டார். ஏன் கழட்டினன்னு எழுதிக் கேட்டா ரெண்டு சங்கமும் வந்து கதவைத் தட்டும்னு பயந்து, ‘சத்தம் போடாம மாட்டிடு, நான் எதையும் பார்க்கல’ன்னுட்டார். ஒப்பந்தம் தப்பிச்சுது, ஆனா கேஸ் முடியற வரைக்கும் மாசாமாசம் புதுப்பிக்கணுமாம். அதான் இவர் இன்னும் இப்படி நடந்துட்டே இருக்கார். சீட்டு வண்டிக்குப் போய் எவ்வளவு நாளாச்சு! நீ உட்கார்ந்திருக்கறது என் மிஷின் ஸ்டூலு, எந்திரி. இப்போ முன் சீட்டுல யாரும் உட்கார்றதில்ல. ரெண்டு கேப்டனும் ஆளுக்கொரு தொப்பியை அதுல வெச்சுட்டுப் பின்னாடி போயிடறாங்க. இவர் வழியெல்லாம் அந்தத் தொப்பிங்ககிட்டதான் பேசிட்டுப் போறார். பிரேக் போட்டா எந்தத் தொப்பி முதல்ல கீழ விழுமோன்னு, இப்போ அந்தக் கவலை வேற.”